கிழிசல் மூட்டையில் கிடைத்த களபாரித் துணி: ஒரு நிகழ்வு ஆய்வு

தென்கிழக்கு லண்டனில், பெக்கம் பகுதியை ஒட்டிய அறப்பணிக்காகப் பழைய பொருள்களை விற்கும் ஒரு சாரிட்டி கடையின் பின்னறையில் துணி பிரிக்கும் மேசையில் தன்னார்வலராக இருக்கிறேன். நன்கொடையாக வந்த ஒரு பையில் கட்டம் போட்ட பருத்தித் துணி ஒன்று இருந்தது. என்னுடன் பிரித்துக்கொண்டிருந்தவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நூற்றுக்கணக்கான ஓட்டைகள் தெரிந்தன. கிழிசல் மூட்டையில் போட்டுவிட்டார். கடையின் விதிப்படி அது சரியான முடிவுதான். ஆனால் அந்த விதி இந்த ஒரு துணிக்குப் பொருந்தாது. இது நைஜீரியாவின் களபாரி மக்கள் வேண்டுமென்றே இழைகளை வெட்டி எடுத்து வடிவம் உண்டாக்கிய துணி. எதை வைத்து அப்படிச் சொல்கிறேன், என்னென்ன சந்தேகங்களைச் சோதித்து ஒதுக்கினோம், துணி யாருடைய கைவேலை, கடைசியில் எங்கே போனது என்பதையெல்லாம் இங்கே பதிவு செய்கிறேன். துணி பிரிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும் கைத்தறியில் அக்கறை உள்ளவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பையும் கடையும்

பிரித்தானியாவில் சாரிட்டி கடைகள் 10,000க்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பின்னறை வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பையைப் பிரிக்கச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். கறை, வியர்வை நாற்றம், பூஞ்சை, ஓட்டை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் துணி கடைக்குள் போகாது. கழித்த துணிகள் பெரிய மூட்டைகளாகக் கட்டப்பட்டு, பழந்துணி வியாபாரிகளுக்கு எடைக்கு விற்கப்படும். அவர்கள் மறுபடி தரம் பிரித்து, உடுத்தக்கூடியவற்றைக் கிழக்கு ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்புவார்கள். மற்றவை இயந்திரம் துடைக்கும் துணியாகவோ மெத்தை அடைக்கும் பஞ்சாகவோ ஆகும். ஓட்டை விழுந்த துணிக்கு இந்த இரண்டாவது வழிதான்.

நன்கொடை தருபவர் கிஃப்ட் எய்ட் வரித் திட்டத்தில் பதிந்திருந்தால் பையில் எண்ணிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். அதைக் கொண்டு கொடுத்தவரைக் கடை தொடர்புகொள்ள முடியும். இந்தப் பையில் சீட்டு இல்லை. கடை திறக்கும் முன்பே வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே காலர் தேய்ந்த ஆண்கள் சட்டைகள், தலையணை உறைகள், நைஜீரியப் பெண்கள் விசேஷங்களுக்குத் தலையில் கட்டும் விறைப்பான கெலே ஒன்று, அவற்றுக்கு அடியில் நன்றாக மடித்த இந்தக் கட்டத் துணி. ஒரு முதியவரின் வீட்டை ஒழித்தபோது வந்த பை என்பது என் ஊகம்.

மூட்டையிலிருந்து அதை நான் வெளியே எடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். அந்த ஓட்டைகள் வரிசையில் இருந்தன.

எந்த இழை போயிருக்கிறது?

துணி ஏறத்தாழ 190 செ.மீ. நீளம், 178 செ.மீ. அகலம். முழு அகலத்தில் நெய்ததல்ல. இரண்டு பட்டைகளை நடுவில் கையால் தைத்து இணைத்திருந்தார்கள். அடர்நீலத் தளத்தில் செங்கல் சிவப்புப் பட்டைகள், இடையிடையே வெள்ளையிலும் மஞ்சளிலும் மெல்லிய கோடுகள். பத்தடி தள்ளிப் பார்த்தால் நம் ஊர்க் கைலியின் கட்டம்போலவே இருந்தது. கிட்டே வந்தால், அந்தக் கட்டத்தின் மேல் இன்னொரு வடிவம் மிதப்பது தெரியும். படிப்படியாக விரிந்து குறுகும் சாய்சதுரங்கள், அவற்றுக்கு நடுவே சிறு சிலுவைகள். இந்த இரண்டாவது வடிவம் எந்த நிறத்திலும் இல்லை. கட்டத்தில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இல்லாமல் போனதால்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

நெசவாளர்கள் இழை எண்ணப் பயன்படுத்தும் மடக்கு லென்ஸை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். பாவு என்ற நெடுக்கிழையும் ஊடை என்ற குறுக்கிழையும் அடர்நீலம். நடுவே நான்கு வெள்ளைப் பாவிழைகள் சேர்ந்த ஒரு கோடு. சுண்டுவிரல் நகத்தின் நீளத்துக்கு அந்த நான்கு இழைகளும் அங்கே இல்லை. அவற்றின் மேலும் கீழுமாகப் போக வேண்டிய நீல ஊடை மட்டும் பிடிமானம் இல்லாமல் இடைவெளியைத் தாண்டி ஓடி, எதிர்ப்பக்கத்து நீலப் பாவில் போய்ச் சேர்ந்துகொண்டது. வெள்ளை இழைகள் நின்றுபோன இரு முனைகளிலும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சிறு குச்சம். நான்கு இழைகளும் ஒரே மட்டத்தில் நறுக்கப்பட்டிருந்தன. பலமுறை துவைத்ததில் நுனிகள் பஞ்சாகியிருந்தாலும் நறுக்கிய மட்டம் குலையவில்லை. வெள்ளைப் பாவும் வெள்ளை ஊடையும் குறுக்கிடும் இடத்தில் இரண்டையும் எடுத்திருந்தால் மட்டுமே முழு ஓட்டை. ஜன்னல் வெளிச்சத்தில் எங்களுக்கு முதலில் தெரிந்தவை இந்தக் குறுக்கிடும் இடங்கள்தான். மற்ற இடங்களில் துணி மெல்லிய வலையாகி இருந்தது.

பிறகு நீல இழைகளைத் தேடினேன். வெட்டுப்பட்ட நீல இழை துணி முழுவதிலும் ஒன்றுகூட இல்லை. மடிப்பில் நைந்த ஓரத்தில் சில அறுந்திருந்தன. அவற்றின் நுனிகள் இழுபட்டு, நீளமாகப் பிய்ந்திருந்தன. நறுக்கிய நுனிக்கும் பிய்ந்த நுனிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை லென்ஸில் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் இந்தத் துணி கிழிசல். எந்த இழை போயிருக்கிறது என்று கேட்டால், யாரோ ஒருவர் உட்கார்ந்து வெளிர்நிற இழைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, எண்ணி எண்ணி வெட்டி எடுத்திருக்கிறார் என்று விடை வருகிறது. ஆய்வின் மற்ற எல்லாச் சோதனைகளும் இந்த விடையைத் தட்டிப் பார்த்தவைதான்.

ஒதுக்கிய சந்தேகங்கள்

முதலில் பூச்சி. அந்துப்பூச்சியின் புழு கம்பளியையும் பட்டையும்தான் தின்னும். இது முழுப் பருத்தி. நைந்த ஓரத்திலிருந்து எடுத்த ஒரு பிசிறைக் கொளுத்திப் பார்த்தோம். காகிதம் எரியும் மணம் வந்தது, மெல்லிய சாம்பல் மிஞ்சியது. ராமபாணப் பூச்சி பருத்தியை அரிக்கும் என்றாலும் அது மேய்ந்துகொண்டே போகும். நிறம் பார்க்காது, வரிசையும் பார்க்காது.

இரண்டாவது சந்தேகம் சாய அரிப்பு. பழைய துணிகளைக் கையாள்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்பைச் சேர்த்துக் கறுப்பும் கரும்பழுப்பும் ஏற்றிய இழைகள் காலப்போக்கில் இற்றுவிடும். பழைய கலம்காரித் துணிகளில் கறுப்புக் கோடுகள் மட்டும் உதிர்ந்து, மற்ற நிறங்கள் அப்படியே நிற்பதைப் பார்க்கலாம். ஒரே நிறத்தின் இழைகள் வரிசையாகக் காணாமல் போவதால், வெட்டு வேலை என்று ஏமாந்துவிட இடமுண்டு. நம் துணியில் நடந்திருப்பது நேர்மாறு. இற்றுப்போகக் காரணமே இல்லாத வெள்ளை போயிருக்கிறது, அடர்நிறம் கெட்டியாக நிற்கிறது. தவிரவும், இற்ற இழையின் நுனி தொட்டால் பொடியாகும். அதற்கு நறுக்கிய மட்டம் இருக்காது.

மூன்றாவது, தறியிலேயே இப்படி நெய்திருக்கலாம் என்பது. கூடுதல் ஊடையை வடிவத்துக்காக ஓட்டிவிட்டு, பின்பக்கம் மிதக்கும் நூலைக் கத்தரிக்கும் துணிகள் உண்டு. சில திரைச்சீலைகளில் காணலாம். அவற்றிலும் சிறு குச்சங்கள் தெரியும், ஆனால் அடித்தளத் துணி முழுமையாக இருக்கும். இங்கே அடித்தளத்திலிருந்தே இழை போயிருக்கிறது. ரசாயனம் தடவி ஒருவகை நாரை மட்டும் கரைத்து வடிவம் எடுக்கும் டெவோரே முறைக்கு இருவகை நார்கள் வேண்டும். இதில் இருப்பது பருத்தி மட்டும்.

கடைசியாக, ஐரோப்பிய வெட்டு வேலைத் தையல். நார்வேயின் ஹார்டாங்கர் தையலில் இழையை வெட்டி எடுப்பார்கள். வெட்டும் முன் சுற்றிலும் நெருக்கமாகத் தையல் போட்டு விளிம்பைக் கட்டிவிடுவார்கள். நம் துணியில் நடு இணைப்பையும் ஓர மடிப்பையும் தவிர ஒரு தையல்கூட இல்லை. வெட்டிய இழை நழுவாமல் நிற்பது நெசவின் நெருக்கத்தால் மட்டுமே. இதைச் செய்தவருக்கு அந்த நெசவு எவ்வளவு தாங்கும் என்று விரல்களிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

கைத்தறிதான் என்பதற்கும் தடயம் இருந்தது. இரு பட்டைகளின் கரையோரங்களிலும் சீரான இடைவெளியில் ஊசிமுனைத் துளைகள். நெய்யும்போது அகலம் சுருங்காமல் தறியில் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் முட்கள் குத்தியவை. ஊடையின் அடர்த்தியும் கைக்குக் கை மாறுவதுபோல இடத்துக்கு இடம் சற்று மாறியது. புற ஊதா விளக்கில் வெள்ளை இழைகள் நீலமாக ஒளிர்ந்தன. இன்றைய சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டிகள் அப்படித்தான் ஒளிரும். ஆகவே இது பெட்டியிலேயே கிடந்த துணி அல்ல. உடுத்தித் துவைத்துப் பாதுகாக்கப்பட்ட துணி.

நைஜர் கழிமுகத்துக் கை

மதராஸ் கட்டத் துணி உலகத்தில் பல இடங்களுக்குப் போயிருக்கிறது. மார்ட்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா தீவுகளில் அது பெண்களின் மரபு உடையிலும் தலைக்கட்டிலும் இடம்பெற்றது. அமெரிக்காவில் கோடைச் சட்டையாகியது. ஆனால் அதன் இழைகளை வெட்டி எடுத்துப் புது வடிவம் உண்டாக்கும் மரபு களபாரி மக்களுடையது. நைஜீரியாவின் ரிவர்ஸ் மாநிலத்தில், போர்ட் ஹார்கோர்ட்டுக்கு மேற்கே, நைஜர் கழிமுகத்தின் அலையாத்திக் காடுகளுக்கு நடுவே தீவுகளில் வாழ்பவர்கள் இவர்கள். புகுமா, அபொன்னமா, பகானா ஆகியவை அவர்களுடைய முக்கிய ஊர்கள். மூன்றும் 1880களில் பழைய தலைநகரான எலெம் களபாரியை விட்டு வெளியேறியவர்கள் நிறுவியவை.

இழை வெட்டிய துணியை அவர்கள் பெலெட்டே பிட்டே என்கிறார்கள். இழையை உருவி எடுத்துச் செய்வதற்கு ஃபிமாட்டே பிட்டே என்று வேறு பெயர். வெட்டாத கட்டத் துணி இஞ்சிரி. வேலையைச் செய்பவர்கள் பெண்கள். துணியை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியால் வெள்ளை இழையை மெல்லத் தூக்கி, சவர பிளேடாலோ பேனாக்கத்தியாலோ ஒரு முனையை நறுக்கி, வேண்டிய தூரம் தள்ளி மறு முனையை நறுக்கி, நடுவில் உள்ளதை உருவி எறிவார்கள். துணியில் முன்கூட்டி எதையும் வரைந்துகொள்வதில்லை. கட்டமே அவர்களுக்கு அளவுகோல், எத்தனை கோடு விட்டு எத்தனை கோட்டை வெட்டுவது என்ற கணக்கு மனத்தில் இருக்கிறது. பூத்தையலில் தவறு நேர்ந்தால் நூலைப் பிரித்துவிடலாம். இங்கே நறுக்கிய இழை திரும்பி வராது.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்கள் அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். புதுக் கட்டத் துணி விறைப்பாக நிற்கும். இழைகள் போன பிறகு அது தளர்ந்து, உடம்போடு குழைந்து விழுகிறது. நிறமும் மாறுகிறது. வெள்ளை குறையக் குறைய நீலமும் சிவப்பும் ஆழமாகின்றன. கடையில் வாங்கிய துணி, ஒரு வீட்டின் துணியாகிவிடுகிறது. அதை ஆண்களும் பெண்களும் இடுப்பில் உடுத்துவார்கள். மூத்தவர் ஒருவர் இறந்தால் உடலைக் கிடத்தும் கட்டிலையும் அறையையும் குடும்பப் பெட்டியிலிருந்து எடுத்த துணிகளால் அலங்கரிப்பார்கள். அந்தத் துணிகளில் இதற்கு மதிப்பான இடம் உண்டு.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜோன் ஐக்கரும் களபாரி அறிஞர் டோன்யே எரெகோசிமாவும் 1980களின் தொடக்கத்தில் இந்தத் துணியைப் பற்றி விரிவாக எழுதினார்கள். வெளியிலிருந்து வரும் ஒரு பொருளை ஒரு மக்கள் எப்படித் தமதாக்கிக்கொள்கிறார்கள் என்பதை நான்கு படிகளாக அவர்கள் விளக்கினார்கள்: தேர்ந்தெடுப்பது, தம் மொழியில் பெயர் கொடுப்பது, தம் சடங்குகளிலும் வாழ்க்கையிலும் இடம் தருவது, பொருளையே உருமாற்றுவது. நான்காவது படியை மேசை மேல் விரித்துப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. அவர்கள் விவரித்த வேலை முறையும் அச்சிட்ட படங்களும் எங்கள் துணியோடு ஒத்துப்போயின. வெளிர் இழையை எடுத்து அடர் இழையை விடுவது, விளிம்பில் தையல் இல்லாதது, படிப்படியான சாய்சதுரம் எல்லாமே அங்கே இருந்தன.

சோழமண்டலக் கரைத் தறி

களபாரிகள் துணி நெய்பவர்கள் அல்லர். அலையாத்திச் சேற்றில் பருத்தி விளையாது. மீன்பிடிப்பும் வணிகமும்தான் அவர்கள் தொழில். ஐரோப்பியக் கப்பல்களுக்கும் உள்நாட்டுக்கும் நடுவே நின்ற தரகு வணிகர்கள் அவர்கள். ஐரோப்பிய ஆவணங்களில் அவர்களுடைய துறைமுகத்துக்குப் புதிய கலபார் என்று பெயர். கட்டத் துணி கப்பலில் வந்தது, சோழமண்டலக் கரையிலிருந்து. கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் மதராஸில் இடம் பெற்றதே இந்தக் கரையின் பருத்தித் துணிக்காகத்தான். 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டை நெசவாளர்களுக்கான குடியிருப்பாக உருவானதும் இதே ஏற்றுமதிக்காகத்தான். சென்னையைச் சுற்றியும் இன்றைய ஆந்திரத்தின் சீராலா பக்கத்திலும் ஆப்பிரிக்கச் சந்தைக்கென்றே நெய்த கட்டத் துணி, ரியல் மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் 20ஆம் நூற்றாண்டிலும் நைஜீரியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கைக்குட்டை என்று பெயரே தவிர, 36 அங்குலச் சதுரங்கள் தொடர்ந்து வரும் நீளத் துண்டு அது. எங்கள் துணியின் ஒவ்வொரு பட்டையும் ஏறத்தாழ அதே 36 அங்குலம்தான்.

தமிழர்களாகிய நாம் இந்தக் கதையைக் கேட்டதும் பெருமைப்படுவோம். பெருமைப்பட நியாயமும் உண்டு. நெருக்கமாக, சாயம் நிலைத்து நெய்த துணியாக இருந்ததால்தான் இத்தனை இழைகள் போன பிறகும் அது துணியாக நிற்கிறது. அந்த நெசவாளர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களை மறைத்துவிட்டு இந்தப் பெருமையைப் பேசுவது சரியல்ல. ஒன்று, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளாக மனிதர்களை வாங்கக் கொடுத்த பொருள்களில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய பங்கு இருந்தது. 1807இல் பிரித்தானியா அந்த வணிகத்தைத் தடை செய்யும் வரை, புதிய கலபாருக்கு வந்த பிரித்தானியக் கப்பல்கள் துணியை இறக்கிவிட்டு மனிதர்களை ஏற்றிக்கொண்டு போயின. பிறகுதான் பனை எண்ணெய் வணிகம் பெருகியது. இரண்டாவது, எங்கள் மேசையில் கிடந்த துணியின் அழகில் பாதிக்கு மேல் களபாரிப் பெண்களுடையது. இதை மெட்ராஸ் துணி என்று மட்டும் சீட்டு எழுதி விற்றிருந்தால், வெட்டிய கையை அழித்திருப்போம்.

ஆன்ட்டி பார்த்தது

அச்சிட்ட படங்களோடு ஒப்பிட்டது போதாது என்று எனக்குத் தோன்றியது. பக்கத்துத் தேவாலயத்தின் வழியாக, புகுமாவில் பிறந்து பல ஆண்டுகளாக லண்டனில் வாழும் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியின் அறிமுகம் கிடைத்தது. அங்கே எல்லாரும் அழைப்பதுபோல நானும் அவரை ஆன்ட்டி என்றே அழைத்தேன். அவர் என்னை மகளே என்றார்.

அவர் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கவே இல்லை. மடியில் விரித்து, பின்பக்கமாகக் கட்டைவிரலை ஓட்டினார். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் வெட்டின் தரம் தெரியும் என்றார். சாய்சதுரத்தை ஆமை என்று அடையாளம் காட்டினார். களபாரிகளின் முகமூடி ஆட்டத்திலும் இகாக்கி என்ற ஆமைக்கு இடம் உண்டு. பிறகு நடு இணைப்பில் விரலை நிறுத்தி, “இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் வேறொருத்தி, மகளே” என்றார்.

எனக்குப் படாத விஷயம் அது. அன்றே லென்ஸை வைத்து இரு பட்டைகளையும் ஒப்பிட்டேன். இடது பட்டையில் குச்சங்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, எல்லாம் ஒரே அளவு. வலது பட்டையில் சில இடங்களில் இரண்டு மில்லிமீட்டரை நெருங்கின. வெட்டு சற்றே சாய்வாக விழுந்திருந்தது. ஒரு வரிசையில் சிலுவை ஒரு கோடு தள்ளிப் போய், அடுத்த வரிசையில் திருத்தப்பட்டிருந்தது. ஒரே வீட்டில் பெரியவரும் இளையவரும் வேலையைப் பகிர்ந்துகொள்வது வழக்கம்தான் என்று ஆன்ட்டி சொன்னார். யார் வீட்டுத் துணி என்ற கேள்விக்கு அவர் ஊகம் எதுவும் சொல்ல மறுத்துவிட்டார். பெட்டியில் வைத்துக் காக்கும் துணி தெருவுக்கு வந்தது என்றால் ஒரு வீடு கலைந்திருக்கிறது, அது யாருடையது என்று வாய்க்கு வந்தபடி பேசக்கூடாது என்றார். அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

விலையும் போன இடமும்

நன்கொடையாக வந்த பொருள் அறக்கட்டளையின் சொத்து. உரியவர் இவர்தான் என்று நமக்குத் தோன்றுகிறது என்பதற்காகச் சும்மா தூக்கிக் கொடுக்க முடியாது. தன்னார்வலர் தானே விலை போட்டுத் தானே வாங்கவும் கூடாது. கொடுத்தவர்கள் தேடி வரக்கூடும் என்று மேலாளர் துணியைத் தனியே எடுத்து வைத்தார். களபாரிச் சங்கக் கூட்டங்களிலும் ஆன்ட்டி செய்தியைச் சொல்ல வைத்தார். யாரும் உரிமை கோரவில்லை.

அதன்பிறகு இரண்டு யோசனைகள் வந்தன. ஏலத்தில் விட்டால் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுப்பார்கள் என்றார் ஒருவர். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். அருங்காட்சியகங்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. 1916இல் பி. ஏ. டால்பட் என்ற காலனி அதிகாரி சேகரித்த களபாரி முன்னோர் நினைவுப் பலகைகள் இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பதால்தான் அவற்றை நம்மால் பார்க்க முடிகிறது. ஆனால் அந்தப் பலகைகளின் முன்னால் இப்போது யாரும் படையல் வைப்பதில்லை. இந்தத் துணியின் வாழ்க்கை இன்னும் முடியவில்லை. சலவைத்தூள் ஒளிர்ந்த அந்த வெள்ளை இழைகளே அதற்குச் சாட்சி. உடுத்துவதற்கும் கட்டிலில் விரிப்பதற்கும் ஆட்கள் அதே ஊரில் இருக்கும்போது அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இதை மேலாளரிடம் வெளிப்படையாகவே சொன்னேன்.

எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் ஆப்பிரிக்கத் துணி வியாபாரியிடம் மதிப்பீடு கேட்டு வாங்கினோம். அவர் மூன்று இலக்கத் தொகை சொன்னார். களபாரிப் பெண்கள் குழு ஒன்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்த விலையை முழுதாகக் கொடுத்து வாங்கியது. எடைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது சில பென்ஸ். அறக்கட்டளைக்கும் நஷ்டமில்லை, துணிக்கும் நஷ்டமில்லை. விற்பனைச் சீட்டில் கைத்தறி மெட்ராஸ் கட்டம், இழை வெட்டு களபாரி, இரு கைகள் என்று எழுதினோம்.

எடைக்குப் போன மூட்டையிலிருந்து இது தப்பித்தவறி உடுத்தும் துணி வரிசைக்குப் போயிருந்தால் கப்பலேறி நைஜீரியாவுக்கே போயிருக்கவும் கூடும். அங்கே பழந்துணிக்கு ஒக்ரிகா என்று பெயர். போர்ட் ஹார்கோர்ட் பக்கத்துத் துறைமுக ஊரின் பெயர் அது. களபாரிகளின் தீவுகளிலிருந்து படகில் போய்விடும் தூரம்தான்.

இப்படி ஒன்று கையில் கிடைத்தால்

முதலில், நீராவித் தேய்ப்பானைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. கடைகளில் எல்லாத் துணிக்கும் பழக்கதோஷத்தில் அதைத்தான் எடுப்பார்கள். அதன் முனை பிடிமானமற்று ஓடும் ஊடையில் சிக்கினால் ஒரே இழுப்பில் வடிவம் குலைந்துவிடும். ஹேங்கரில் தொங்கவிடவும் வேண்டாம், எடை முழுவதும் நறுக்கிய இடங்களில் விழும். சாயம் ஓடுகிறதா என்று நிறத்துக்கு நிறம் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் துணியில் நீலம் நிலையாக இருந்தது, சிவப்பு லேசாக ஒட்டியது. அதனால் துவைக்காமல் காற்றாட விட்டு, அமிலமற்ற காகிதம் சுற்றிய அகலக் குழாயில் சுருட்டிக் கொடுத்தோம். துவைத்தே ஆக வேண்டுமானால் வலைப்பையில் போட்டு, குளிர்ந்த நீரில், பிழியாமல். வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். நல்லெண்ணத்தில் யாராவது ஓட்டைகளை இழையோட்டி அடைத்துவிடுவதுதான் இதற்கு நேரக்கூடிய மிகப் பெரிய கேடு. ஆன்ட்டி அதைக் கேட்டதுமே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

பிரிக்கும் மேசைக்கு மேலே இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். ஓட்டைகள் வரிசையில் இருந்தாலோ ஒரே நிறத்து இழையில் மட்டும் இருந்தாலோ மூட்டையில் போடாமல் தனியே வைக்கவும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதன்படி இதுவரை வந்தவற்றில் இன்னொரு பெலெட்டே பிட்டே இல்லை. மிதக்கும் நூலைக் கத்தரித்த ஒரு பழைய திரைச்சீலை வந்தது, கடையிலேயே விற்றுப்போனது. கறுப்பு மட்டும் உதிர்ந்த ஓர் அச்சுத் துணி வந்தது. லென்ஸில் பார்த்தால் நுனிகள் பொடியாகியிருந்தன, தொட்ட இடத்தில் விரலில் கரி ஒட்டியது. அது சாய அரிப்பேதான். புதிதாய்ப் பிரிக்க வருபவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மற்றதை மூட்டைக்கு அனுப்பினோம்.